சர்வர் திருப்பியனுப்பிய கல்யாண ஓலை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் இரண்டு கல்யாண ஓலைகள் வாசிக்கப்பட்டன. என் தங்கையுடையது வாசிக்கப்படவில்லை.

ஓலை என்பது இப்போது பெயருக்குத்தான். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற அறிவிப்பு அது. மூன்று முறை வாசித்து முடித்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளையின் சபையிலிருந்து பெண்ணின் சபைக்கு அது வந்து சேர வேண்டும். முன்பெல்லாம் யாராவது பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார்கள். சில வருடங்களாக மெயிலில் வருகிறது.

மாப்பிள்ளை ஆரியங்கோட்டுக்காரர். வளைகுடாவில் வேலை, நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை கல்யாணம். புதன் வந்துவிட்டால் லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். அது முடியும்வரை எங்கள் பக்கத்துச் சபைகளில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். அதற்குள் அவருடைய லீவு முடிந்துவிடும். அந்தத் திங்களுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுகள்தான் மிச்சம். அவற்றில் முதலாவது அன்றைக்கு.

இரண்டாவது ஓலையை வாசித்து முடித்ததும் அச்சன் தாளை மடித்து வைத்துவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். போதகரை நாங்கள் அச்சன் என்றுதான் அழைப்போம். பெண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. தங்கை பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பாடவில்லை. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டார்.

"என்ன சேச்சி, அங்கோட்டு ஏதாவது கொழப்பம் உண்டா?"

"ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறு ஆக்கும்," என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னாள்: "அவுங்களுக்கு மனசு மாறியாச்சு. நம்மகிட்ட சொல்ல நாணம்."

தங்கை மாப்பிள்ளைக்கு போன் செய்தாள். அவர் தன் சபை ஆபீசிலிருந்து ஒரு படத்தை வாங்கி அனுப்பினார். கம்ப்யூட்டர் திரையின் படம். எங்கள் சபையின் பெயர், வியாழக்கிழமை தேதி, பக்கத்தில் ஒரு பச்சை டிக். அனுப்பப்பட்டது.

"பாரு அண்ணா, அவுங்க அனுப்பியாச்சு," என்று தங்கை படத்தை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது. நான் அந்த டிக்கை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இரண்டு சபைகளுக்கும் மெயிலை வாங்கித் தருகிற சர்வரைப் பார்த்துக்கொண்டவன் நான்.

நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். மறுபடி எழுதவில்லை. அப்பா செத்த வருடம் அது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், பெங்களூரில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் கிளாஸ் கழுவினேன். அந்தக் கம்பெனி வாடகைக்கு சர்வர் விடுகிற கம்பெனி. ஒருநாள் பெட்டி தூக்க ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டி தூக்கப் போனவன் கேபிள் மாட்டினேன், பிறகு கேபிளுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஆங்கிலம் எனக்குச் சரியாக வராது. ஆனால் மெயில் எப்படிப் போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிற விதிகளை ஒரு வருடம் வரிவரியாகப் படித்தேன். நான் முழுசாகப் படித்து முடித்த ஒரே புத்தகம் அதுதான். பிறகு ஷார்ஜா, பிறகு கோயம்புத்தூர். எங்கேயும் இரண்டு வருடம் தங்கினதில்லை. அம்மாவுக்கு முட்டு தேய்ந்தபோது பாறசாலைக்குத் திரும்பினேன். இருபது முப்பது சபைகளுக்குப் பொதுவான ஒரு ஆபீசில் சர்வரைப் பார்க்கிற வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் என் கூட்டுகாரன்.

அவன் கொல்லயில் ஊர்க்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்துவரை என் பக்கத்தில் இருந்தவன். அவன் இன்ஜினியரிங் படித்தான். சபைகளின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதினான். ஞானஸ்நானம், அடக்கம், கல்யாணம் எல்லாம் அதில் உண்டு. ஓலையை எழுதி ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த சபைக்கு மெயிலாகப் போகும்.

முதல் சபையில் அதை வைத்த நாளிலேயே என் சர்வர் அவனுடைய மெயிலை எடுக்க மறுத்தது. மெயிலில் ஒவ்வொரு வரி முடியும்போதும் இரண்டு குறிகள் வர வேண்டும். டைப்ரைட்டர் அடித்தவர்களுக்கு இது புரியும். வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவது ஒன்று, அடுத்த வரிக்கு இறங்குவது இன்னொன்று. அவனுடைய புரோகிராம் இறங்குகிற குறியை மட்டும் போட்டது. பாறசாலை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து பேசினோம்.

"மக்கா, உனக்க சர்வர் எனக்க மெயில எடுக்கல்ல."

"சர்வருக்கு ஒண்ணும் இல்ல. உனக்க புரோகிராம் வரிய ஒழுங்கா முடிக்கல்ல."

"ஒத்தக் குறிக்கா இத்தன பவுசு? பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் எடுக்குதான். நீ என்ன தாசில்தாரா?"

"எழுதி வச்ச முறை அதாக்கும்."

"எலே, நாம பார்டர்ல கெடக்குத ஆளுங்க. கண்டக்டர் மலையாளத்துல கேக்கான், நாம தமிழ்ல சொல்லுதோம். டிக்கெட்டு கிட்டுது இல்லியா? பாஷை சரியில்லண்ணு அவன் எறக்கியா விடுதான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னது பொய்யில்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் யாரும் யாருடைய பேச்சையும் திருத்துவதில்லை. பாதி அதில் பாதி இதில் பேசுகிறோம், கேட்கிறவன் எடுத்துக்கொள்கிறான். இந்தத் தொழிலின் பழைய ஆட்களுக்கும் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது: நாம் அனுப்புவது சுத்தமாக இருக்கட்டும், வருகிறதைக் கொஞ்சம் தாராளமாக வாங்கிக்கொள்வோம் என்று. அதோடு அவன்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். அங்கேயே அவனுடைய லேப்டாப்பில், அவன் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றைக் குறியோடு வந்தாலும் எடுத்துக்கொள் என்று சர்வரில் ஒரு வரி எழுதினேன். சாயா குடித்து முடிப்பதற்குள் ஆன வேலை.

அன்றைக்கு அவனிடம் ஒரே ஒரு சபைதான் இருந்தது. நான் முடியாது என்று சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே உட்கார்ந்து திருத்தியிருப்பான். நான் எழுதிய அந்த வரியின் மேல் அவன் இருபத்து மூன்று சபைகளை ஏற்றிவிட்டான்.

மூன்று வருடம் கழித்து, சர்வர் மென்பொருளை எழுதுகிறவர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. ஒற்றைக் குறியை ஏற்கிற வழியை உடனே அடைக்கச் சொன்னார்கள். மெயில் முடிந்தது என்பதற்கு அடையாளம், ஒரு வரியில் தனியாக நிற்கிற ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றி என்ன குறி இருக்க வேண்டும் என்பதில் ஒரு சர்வர் கண்டிப்பாகவும் இன்னொன்று தாராளமாகவும் இருந்தால், ஒரு மெயிலின் வயிற்றுக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்பிவிடலாம். உள்ளே இருப்பது யார் பெயரில் வேண்டுமானாலும் வெளியே வரும். எந்தச் சபையின் பெயரிலும், எந்த அச்சன் பெயரிலும். இரண்டு பாஷையும் தெரிந்த கண்டக்டர் கேட்டுப் புரிந்துகொள்கிறார். என் சர்வருக்கு அந்த இரண்டாவது பாஷை தெரியாது. அது ஊகித்துக்கொண்டிருந்தது.

கூட்டுகாரனிடம் சொன்னேன். இரண்டு மாசம் தா என்றான். நாலு மாசம் ஆன பிறகு அவனே கூப்பிட்டான்.

"போட்டாச்சு மக்கா. எல்லா சபையிலயும் புதுசாக்கும். நீ தைரியமா அடச்சுக்கோ."

அடைத்தேன். பத்து நாள் சர்வரின் பதிவைப் பார்த்தேன். திருப்பியனுப்பப்பட்ட மெயில் ஒன்றுகூட இல்லை. சரி, திருத்திவிட்டான் என்று விட்டுவிட்டேன். மலைப்பக்கத்துச் சின்னச் சபைகள் மாசத்துக்கு ஒரு மெயில்தான் அனுப்பும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அது என் பிழை. அதை நான் மறைக்கவில்லை.

ஓலை வாசிக்கப்படாத அந்த ஞாயிறு, தங்கை காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, பதிவைத் திறந்தேன். வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு ஆரியங்கோட்டுச் சபையிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. வரி முடிவு தவறு, ஏற்கவில்லை என்று சர்வர் அந்த நிமிடமே பதில் சொல்லியிருக்கிறது. அவனுடைய புரோகிராம் அந்தப் பதிலைப் படிக்கவே இல்லை. படிக்காமலேயே பச்சை டிக் போட்டிருந்தது.

சோறு தின்னாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லயிலுக்குப் போனேன். அவன் வீட்டு முன்னால் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆரியங்கோட்டுல புதுசு போட்டியா?"

"எந்த ஆரியங்கோடு?"

"எனக்க தங்கச்சியக் கெட்டப்போறவனுக்க சபை."

அவன் போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தான். "நாலு சபை பாக்கி உண்டு. அங்க உள்ளதெல்லாம் பழைய கம்ப்யூட்டர். புதுசு அதுல ஓடல்ல."

"பின்னே எதுக்குலே எல்லாம் போட்டாச்சுண்ணு சொன்ன?"

"நீ இப்பம் அடைப்பேண்ணு நான் நெனச்சேனா? நீ எந்தக் காரியத்த சொன்ன நேரத்துக்குச் செய்திருக்க? ஆறு மாசம் இழுப்பேண்ணு நெனச்சேன்."

"இன்னைக்கு ஓலை வாசிக்கல்ல. அவ சபையில நின்ன நெலைய நீ பாக்கல்ல."

அவன் கையைக் கைலியில் துடைத்தான். ஒரு ஞாயிறு போய்விட்டால் மேலிடத்தில் அனுமதி வாங்கித்தான் கல்யாணம் நடத்த முடியும், அதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த விதியையும் அவன் புரோகிராமில் எழுதியிருக்கிறான்.

"செவ்வாக்கெழம நம்ம ஆபீசு கமிட்டி கூடுது," என்றான். "எனக்க தப்புண்ணு நானே சொல்லுதேன். நீ வாயத் தொறக்க வேண்டாம். அவ எனக்கும் தங்கச்சியாக்கும்."

நான் நம்பினேன். திங்கட்கிழமை ஆரியங்கோட்டுக்குப் போய் ஓலையைத் தாளில் வாங்கி வந்து எங்கள் அச்சனிடம் கொடுத்தேன். மிச்சமுள்ள இரண்டு ஞாயிறுக்கு அது போதும். விட்டுப்போன ஒரு ஞாயிறுக்குத்தான் அனுமதி வேண்டும். அம்மாவிடம், கூட்டுகாரன் எல்லாவற்றையும் சரியாக்கிவிடுவான் என்று சொன்னேன். தங்கை அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

செவ்வாய் தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகளோடு பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். தேய்த்த சட்டை. என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தான். பிறகு பார்க்கவில்லை.

கமிட்டியில் ஆறு பேர். தலைமை வகித்தது ஒரு மூத்த அச்சன். அனுமதி தர வேண்டியவரும் அவர்தான். என் கூட்டுகாரன் எழுந்து நல்ல மலையாளத்தில் பேசினான். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை என்றான். மூன்று வருடம் ஓடியது, போன மாதம் சர்வரில் ஏதோ மாற்றியதால்தான் நின்றது என்றான். பிறகு, ஆரியங்கோட்டில் இருக்கும் அதே பழைய புரோகிராமிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் மெயிலுக்கு ஒரு ஓலையை அனுப்பிக் காட்டினான். மேசை மேல் இருந்த அவனுடைய போன் டிங் என்றது. அதை எடுத்து ஆறு பேருக்கும் காட்டினான். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்ததைக் காட்டினேன். எடுக்கவில்லை என்று சர்வர் சொன்னது இதோ, கேட்காமல் டிக் போட்டது அவனுடைய புரோகிராம் என்றேன். அந்தத் தாள் முழுக்க ஆங்கிலமும் எண்களும். ஒரு உறுப்பினர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி எது வரை படிச்சிருக்கு?"

"பத்து தோத்தது."

"செரி," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். என் கூட்டுகாரன் சிரிக்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெற்று ஆருடேதெங்கிலும் ஆவட்டே, மோனே," என்றார் மூத்த அச்சன். தப்பு யாருடையதாகவும் இருக்கட்டும், ஓலை வந்து சேரவில்லை, அதற்கு ஒரு காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் இன்றைக்கே அனுமதி தருகிறேன் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அப்போது அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அச்சடித்த தாள். சர்வரைப் பராமரிப்பவர் முன்னறிவிப்பின்றிச் செய்த மாற்றத்தாலும் கவனக்குறைவாலும் ஓலை சபைக்கு வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம். நாலாக மடித்துக் கொஞ்ச நேரம் பையில் இருந்ததால் மடிப்பு ஆழமாக விழுந்திருந்தது. ஆபீசில் அடித்த தாள் இல்லை. வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறான்.

என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான்.

"ஒப்பிட்டுரு மக்கா," என்று கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தைக் காட்டினான்.

"நீ சொல்லுதேண்ணு சொன்னியே."

"டிக் பொய்யிண்ணு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இதுவரைக்கும் போன ஓலை எல்லாம் போச்சா இல்லியாண்ணு கேப்பாங்க. இருபத்து மூணு சபையும் போகும். எனக்கு இது மட்டும்தான் உண்டு. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ."

"எனக்க தங்கச்சி?"

"அதுக்குத்தானே சொல்லுதேன். நீ ஒப்பிட்டா இன்னைக்கே அனுமதி. நீயும் நானும் சண்டை போட்டா விசாரிப்பாங்க. விசாரிச்சு முடியும்போ லெந்து வந்துரும்."

அவன் கணக்கில் பிழை இல்லை. நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மூத்த அச்சன் அனுமதியில் கையெழுத்திட்ட பிறகு, சர்வரைப் பழையபடி ஆக்கச் சொன்னார்கள். அதை மட்டும் முடியாது என்றேன்.

"அந்த வரியப் போட்டா உங்க பேர்ல ஆரு வேணும்னாலும் ஓலை அனுப்பலாம், அச்சா. உங்களுக்கே தெரியாது."

"இத்ர நாளும் ஆரும் அனுப்பல்லல்லோ," என்றார் நான் எதுவரை படித்தேன் என்று கேட்டவர்.

பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த வரியை மறுநாளே அவன் எழுதியிருப்பான். அது எங்கே எழுத வேண்டும் என்று சாயாக்கடையில் அவனுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது. அதற்கு முன் அனுமதிக் கடிதத்தை அச்சன் சபைக்கு வாசித்தார். அதுதான் முறை. கவனக்குறைவு என்ற சொல் வந்தபோது போன ஞாயிறு தங்கையைப் பார்த்த அதே தலைகள் ஆண்கள் பக்கம் திரும்பின. வீட்டில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நீ எங்கயும் ஒழுங்கா நின்னதில்ல. இங்கயாவது நிப்பேண்ணு பாத்தேன்." தங்கை சமையல்கட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்ல நான் அவள் பின்னால் போனேன். சொன்னால் அவள் மாப்பிள்ளையிடம் சொல்வாள், அவர் தன் அச்சனிடம் சொல்வார், கமிட்டி மறுபடி கூடும். கல்யாணம் முடியட்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறும் ஓலையை வாசித்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. என் கூட்டுகாரன் காலையிலேயே வந்து பந்தியில் பரிமாறினான். என் இலைக்கும் பாயசம் ஊற்றினான். நான் குடித்தேன். சாம்பல் புதனுக்கு அடுத்த நாள் ஈரோட்டுக்கு ரயில் ஏறினேன்.

இங்கே ஒரு துணிக் கம்பெனியின் சர்வரைப் பார்க்கிறேன். வந்த மாதமே ஒரு பில் போடுகிற புரோகிராம்காரர் வந்தார். மெயில் போகவில்லை, மற்ற இடத்தில் எல்லாம் போகிறது, ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். நல்ல மனிதர், எனக்கு டீ வாங்கித் தந்தார். முடியாது என்றேன். திட்டிக்கொண்டே போனார். சாயங்காலம் திருத்திக்கொண்டு வந்தார். அவரிடமும் அப்போது ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது. ஒருவனுடைய பிழையை இன்னொருவன் ஏற்றுக்கொண்டால் பிழை போய்விடுவதில்லை. யாருடையது என்று சொல்ல முடியாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இதை நான் யாரிடம் சொன்னாலும் என்னைக் கறார் பேர்வழி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

போன வாரம் தங்கை வளைகுடாவிலிருந்து பேசினாள். புது வீடு, ஜன்னலுக்கு வெளியே மணல், மாப்பிள்ளைக்கு மீன்குழம்பு பிடித்திருக்கிறது என்று நிறையச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, நீ அதையே நெனச்சிட்டுக் கெடக்காத. ஆருக்கும் கை பெசகும். உனக்க கூட்டுகார அண்ணன்தான் அண்ணைக்கு ஓடியோடி அனுமதி வாங்கித் தந்தது. அம்ம சொன்னா. நான் எல்லாத்தையும் மறந்தாச்சு, உனக்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. லெந்தும் இல்லை, கமிட்டியும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"செரி மக்கா," என்றேன். "நீ சந்தோஷமா இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள்.